ஒக்காருலே

மேனேஜர் சிவசுப்பிரமணியன் போன் செய்தது செந்தூர்வேலுக்கு. பேசியது என்னவோ அவன் மனைவி முத்துக்கனிதான். பெயரைப் பார்த்ததுமே போனை அவள் கையில் திணித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

"அண்ணாச்சிய ஷிப்ட் சூப்பர்வைசரா போடலாம்னு இருக்கோம்மா. திங்கக்கிழமைக்குள்ள அவரே வந்து எங்கிட்ட சரின்னு சொல்லணும். அவரே வரணும்."

இரண்டு முறை 'அவரே' சொன்னதிலேயே முத்துக்கனிக்குத் தெரிந்துவிட்டது, தன் வீட்டு லட்சணம் அவன் வேலை பார்க்கும் துறைமுகம் வரைக்கும் போயிருக்கிறது என்று.

பதினாறு வருஷமாகக் கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறான் செந்தூர்வேல். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சொல்வான். ஒருத்தர் தனியாக வந்து கேட்டால்தான் சொல்வான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. மூன்று பேர் சேர்ந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் என்றால் தினமும் வேலை தொடங்குமுன் இருபது பேர் முன்னால் நின்று பேசவேண்டும்.

கேஸ் புக் செய்வதிலிருந்து கரண்ட் ஆபீஸ் சண்டை, மகள் வேல்விழியின் பள்ளிக்கூட மீட்டிங், துக்க வீட்டில் சொல்லும் ஆறுதல் வரை எல்லாம் முத்துக்கனிதான். அவளுக்கும் தொண்டை ஒன்றுதானே இருக்கிறது!

"முடியாதுன்னு சொல்லிரு," என்றான் குளித்துவிட்டு வந்து.

"நான் சொல்லவா? வேலை பாக்கது நீங்களா நானா?"

"எனக்குப் பேச வராதுளா. ஜீவமணி சார் அப்பமே சொல்லிட்டாவ."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கல்யாணமான மறுவாரத்திலிருந்து கேட்கும் பெயர் அது. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போது செந்தூர்வேலுக்கு முதல் எழுத்திலேயே திக்கும். "ஒக்காருலே. நீ வாயத் தொறக்காம இருந்தாலே வகுப்பு உருப்படும்" என்பார் தமிழ் ஆசிரியர் ஜீவமணி. அடித்ததில்லை. கோபப்பட்டதுகூட இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார், வகுப்பும் சிரிக்கும். ஒரு வருஷம் முழுக்க இப்படியே நடந்தது. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான்.

அந்த ஆளை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள் முத்துக்கனி. யார் யாரையோ விசாரித்ததில், ரிட்டயராகி நாசரேத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. சனிக்கிழமை, திருச்செந்தூர் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். என்னென்ன கேட்கவேண்டும் என்று வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜீவமணி சார் வெள்ளைச் சட்டையும் காதில் மிஷினுமாக, பார்த்தால் திட்ட மனசு வராத ஆளாக இருந்தார். நாற்காலியை அவரே தூக்கிப் போட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"செந்தூர்வேலா? எந்த வருஷம்மா? வருஷத்துக்கு அம்பது அறுபது பிள்ளையள்லா? ஞாபகம் இல்லியே."

"நீங்க சொன்னது, சார்? அதுவுமா ஞாபகம் இல்ல?"

"சொல்லியிருப்பேன். எல்லாப் பயலையும் அப்படித்தான் சொல்லுவேன். அதெல்லாம் ஒரு பேச்சும்மா. காலையில குட்மார்னிங் சொல்லுத மாதிரி."

முத்துக்கனி கிளம்புவதற்குப் பையை எடுத்தாள்.

"போன் போடு, நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்," என்றார். செந்தூர்வேலுக்குப் போட்டுக் கொடுத்தாள். "தம்பி, நான் ஜீவமணி சார் பேசுதேன். ஒன் மூஞ்சி ஞாபகம் வரலப்பா, எங்க இருந்தாலும் நல்லா இரு," என்று உரக்கச் சொல்லிவிட்டு, பெரிய காரியத்தை முடித்த திருப்தியோடு போனைத் திருப்பிக் கொடுத்தார். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள் முத்துக்கனி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். நாவில் நரம்பில்லாத மனுஷன், குட்மார்னிங்காம்! ஆறுமுகநேரி தாண்டும்போதுதான் அன்று காலையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒனக்கெல்லாம் கணக்கு மண்டையில ஏறாதுளா." வேல்விழியிடம்தான். இன்றைக்கு மட்டும் சொன்னதா என்ன? அதற்குப்பின் சாரைத் திட்டுவதும் சரியாக வரவில்லை. அந்த எரிச்சல் வேறு.

வீட்டுக்கு வந்தால் வேல்விழி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "தோசை சுடட்டுமா?" என்றாள். வேல்விழி அம்மாவை ஒருமாதிரி பார்த்தாள்.

செந்தூர்வேல் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அவிய குரலக் கேட்டதும் எந்திச்சு நின்னுட்டேன்ளா. வீட்டுக்குள்ள, லுங்கியோட."

"சரி, அதுக்கு இப்ப என்ன?"

"என்னைய ஞாபகமே இல்லங்காரு." அவன் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷம். ஒரு கல்யாண வீட்டுல வாயத் தொறந்திருப்பனா? எங்க அப்பாவ எடுத்துட்டுப் போற அன்னைக்கு வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பனா? தெனம் தெனம் அவர நெனைச்சு நான் வாய மூடிட்டுத் திரிஞ்சிருக்கேன். அவருக்கு எம் மூஞ்சியே ஞாபகம் இல்லியாம்!"

கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள் முத்துக்கனி. அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது, அவன் நிறுத்தவில்லை. தோசை கருகியது.

திங்கட்கிழமை அவனே போய் மேனேஜரிடம் சரி என்று சொன்னான். அடுத்த வாரம் முதல் நாள் சூப்பர்வைசர் வேலை முடிந்து வந்தவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிப் பேசினிய?"

"மோசம். மூணு தடவை திக்கிட்டு. பின்னால ஒருத்தன் சிரிச்சான்."

"நீங்க என்ன செஞ்சிய?"

"ஹெல்மெட்ட ஒழுங்கா மாட்டிட்டு சிரிலேன்னேன். மாட்டிக்கிட்டான்."

"பொறவு?"

"பொறவு என்ன, மிச்சத்தையும் சொல்லி முடிச்சேன்."

"அந்த மிச்சம் என்னன்னுதான் சொல்லுங்களேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எந்த வரிசையை முதலில் காலி செய்யவேண்டும், மழை வந்தால் எந்தப் பக்கம் வண்டி போகக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். முத்துக்கனிக்குப் பாதி விளங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.