மேல்வீட்டு சிக்னல்

போன் அடித்தபோது விஜயராணி விற்க வாங்கிய நைட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு மேலிருந்த ஆணியில் ஹேங்கரை மாட்டி, வெளிச்சம் முன்பக்கம் விழும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து எடுத்து, அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாக வேண்டும். அதனால் போனை எடுத்தது அவள் புருஷன் பேச்சிராஜா. பை தைக்கும் பட்டறைக்குக் கிளம்பிச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவன், “ஹாங், போலோ” என்று கேட்டுவிட்டு, “ஆஜாவோ, ஆஜாவோ” என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்தான்.

“ஃபைபர்காரன். சனிக்கிழமைன்னுதான சொன்னான், இப்பவே சந்து முக்குல நிக்கானாம். வரச் சொல்லிட்டேன்.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கு விட்டா ஒரு மாசம் இழுப்பான். சேட்டுகிட்ட அரை நாள் லீவு சொல்லிக்கிடுதேன்.”

“நீங்க போங்க. நான் இருந்து பாத்துக்கிட மாட்டனா?”

“நான் பாக்கணும்ட்டீ” என்று அவன் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தான். பத்து நாளாக அவனுக்கு இதே பேச்சுதான். பழைய கேபிள்காரனின் நெட் மழை தூறினால் போய்விடும். வருஷா வருஷம் ரேட்டை மட்டும் ஏற்றுவான். புதிய ஃபைபர் பாதி விலை, வேகமோ இரண்டு மடங்கு. பட்டறையில் யாரோ போட்டதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, பைக் வாங்கப் போகிறவனைப் போல அக்கம்பக்கம் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். விஜயராணி அடுத்த நைட்டியை மாட்டினாள். அவள் கண் மட்டும் ஒருமுறை கூரைக்குப் போய் வந்தது.

கூரை என்றால் பலகைதான். அதற்கு மேலே பேச்சிராஜாவின் தம்பி மாரிசெல்வம் வீடு. தாராவியின் அந்தச் சந்தில் எல்லா வீடும் அப்படித்தான்; கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், மேலே போக வெளியே ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. மேலே ஒருவர் தும்மினால் கீழே கேட்கும். போன தீபாவளிக்கு முன்னால், இடித்துப் புதுவீடு கட்டிக் கொடுப்பதற்கான சர்வேக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, மேல்வீட்டை யார் பெயரில் சொல்வது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது. உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அது சந்தில் நின்றுகொண்டு, பத்துப் பேர் பார்க்க நடந்தது. “என் சோத்துல வளந்த பய” என்று பேச்சிராஜா ஒரு வார்த்தையை விட்டான். “சும்மா உக்கார வச்சு வளத்த மாதிரி பேசாத” என்று மாரிசெல்வம் திருப்பிக் கொடுத்தான். சர்வே ஆட்கள் வந்து, எழுதி, போய்விட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சு மட்டும் அன்றோடு நின்றது.

அன்று சாயங்காலமே பேச்சிராஜா, “நெட்டு பாஸ்வேர்ட மாத்து. அவன் என் நெட்டுல படம் பாக்க வேண்டாம்” என்றான். கீழ்வீட்டில் இருந்த ஒரு பெட்டிதான் அதுவரை இரண்டு வீட்டுக்கும். மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனதும் விஜயராணி அதை மாற்றத்தான் போனை எடுத்து உட்கார்ந்தாள். அப்போது மேலே இருந்து ஓரகத்தி ஷாலினியின் குரல் கேட்டது. இங்கிலீஷில் தன் பெயரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இண்டர்வியூ. ஐரோலியில் ஆபீஸ், வாரத்தில் ஒரு நாள் போனால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை என்று சண்டைக்கு முன்பே சொல்லியிருந்தாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு மெல்ல நிலைக்கு வந்தது. ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். விஜயராணி அசையாமல் கடைசிவரை கேட்டாள். பாதி வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. கேட்டு முடித்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டில், “மாத்தியாச்சா?” என்றான். “மாத்தியாச்சு” என்றாள்.

நெட் நிற்காததைப் பற்றி ஷாலினி ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை கிடைத்ததையும் சொல்ல முடியவில்லை. புருஷன்மார் பேசாததால் ஓரகத்திகளும் பேசக்கூடாது என்றாகிவிட்டது. ஆனால் காலையில் தண்ணீர் வரும்போது தன் டிரம் நிறைந்ததும் டியூபைச் சுருட்டிக்கொண்டு போகாமல், கீழ்வீட்டு டிரம்மில் போட்டுவிட்டுப் போவாள். விஜயராணியின் யோசனையெல்லாம், ஆள் வரும் சனிக்கிழமை ஷாலினிக்கு லீவு, பேச்சிராஜா பட்டறையில் இருப்பான்; அப்போது புதுப் பெட்டிக்கும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைக்கச் சொல்லிவிட்டால் மேல்வீட்டுக்குத் தெரியாமலே எல்லாம் ஓடும் என்பதுதான். இப்போது வியாழக்கிழமை. மேலே ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

வந்த பையன் பெயர் பைசான். மின்கம்பத்திலிருந்து வயரை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தான். பேச்சிராஜா அவனுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தான், டீ வாங்கிவரப் போனான், வந்தான், வயர் இவ்வளவு மெல்லிசா என்று வியந்தான். விஜயராணி மறைவாக நின்று மேல்வீட்டுக்கு ஒரு மெசேஜ் அடிக்கப் பார்த்தாள். அதற்குள் பைசான் பழைய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

மேலே, “ஜி சார், உங்க பார்சல்...” என்கிற மாதிரி ஹிந்தியில் போய்க்கொண்டிருந்த குரல் நின்றது. “ஹலோ? ஹலோ சார், ஆவாஸ் ஆ ரஹி ஹே? ஹலோ?” என்று குரல் கேட்கிறதா எனப் பதறினாள். நாற்காலி தள்ளப்பட்டது. பலகை மேல் காலடிகள் இங்கும் அங்கும் போயின. பேச்சிராஜா டீ கிளாஸோடு அண்ணாந்து பார்த்தான். பிறகு கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியைப் பார்த்தான். பிறகு விஜயராணியைப் பார்த்தான்.

ஏணியில் வேகமாக இறங்கும் சத்தம். கழுத்தில் ஹெட்போன் தொங்க, திறந்த லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஷாலினி வாசலில் வந்து நின்றாள். “அக்கா, நெட்டு போச்சுக்கா, லைன்ல கஸ்டமர்...” அப்போதுதான் கதவுக்குப் பின்னால் நின்றவனைக் கண்டாள். “அத்தான்” என்றாள்.

பேச்சிராஜா கிளாஸைக் கீழே வைத்தான். “மாரிக்குத் தெரியுமா, இது என் நெட்டுன்னு?”

“தெரியாது அத்தான். ஆபீஸ்ல நெட்டுக்கு டாங்கிள் குடுத்திருக்காங்கன்னு சொல்லிருக்கேன்.”

அவன் தலையை ஆட்டினான். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். செருப்பைப் போடும்போது, விஜயராணியைப் பார்க்காமல், “மாத்தியாச்சுன்னு சொன்னியே” என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

பைசான் யாரையும் பார்க்காமல், பெயரும் பாஸ்வேர்டும் என்ன வைக்க என்று கேட்டான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. “உள்ள வா ஷாலினி. நீயே போடு” என்று விஜயராணி போனை நீட்டினாள். ஷாலினி அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அடித்தாள். நெட் வந்தது, ஆனால் மேலே கொண்டுபோனால் விட்டு விட்டு வந்தது. பலகைக்கு மேலே தகரமும் விரித்திருப்பதால் இந்தப் பெட்டியின் சிக்னல் சரியாக ஏறாது, ஒரு வயரை மேலே இழுத்துச் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் ஓடும் என்று சொல்லிவிட்டு பைசான் கிளம்பினான்.

அன்று முழுக்க ஷாலினி கீழேயே, நைட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தாள். யார் யாரோ பார்சல் வரவில்லை என்று திட்ட, இவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன் பேச்சு ஓடும்போது விசில் வந்துவிடக்கூடாது என்று விஜயராணி குக்கரைத் தொடாமல், பானையில் சோறு வடித்தாள். இரண்டு பேரும் தங்களுக்குள் பேச நேரம் கிடைக்கவே இல்லை. லஞ்ச் பிரேக்கில் மட்டும் ஷாலினி, “இண்டர்வியூ அன்னைக்கே கட் ஆகும்னு நெனச்சேன்க்கா” என்றாள். “சாப்புடு, நேரமாச்சு” என்றாள் விஜயராணி.

சாயங்காலம் மாரிசெல்வம் வந்ததும் ஷாலினியே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். “அவன் நெட்டுலயா?” என்று ஒரே ஒரு சத்தம் கீழே கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. பேச்சிராஜா வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தான்.

“இத்தனை மாசம் எங்கிட்ட பொய் சொல்லிருக்க.”

“ஆமா.”

“ஏன், எங்கிட்ட கேட்டா வேண்டாம்னா சொல்லிருப்பேன்?”

“சொல்லிருப்பிய” என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “சொல்லிருப்பேன்தான்” என்றான் கடைசியில். பிறகு, “அந்தப் புள்ள இன்னைக்கு வேலைய எப்படிப் பாத்துச்சு?” என்றான். இங்கே உட்கார்ந்து பார்த்தாள் என்றாள். எங்கே என்று கேட்டான். அவள் இடத்தைக் காட்டினாள். அவன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினான்.

மறுநாளும் அதற்கடுத்த வாரமும் ஷாலினி பேச்சிராஜா போன பிறகு கீழே வந்து, அவன் வருவதற்குள் மேலே போனாள். மாரிசெல்வம் தடுக்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் சுனாபட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று பேச்சிராஜா எங்கோ போய் ஒரு சுருள் வயரும் சின்னப் பெட்டி ஒன்றும் இரவல் டிரில்லிங் மிஷினும் கொண்டுவந்தான்.

“ஷாலினி இல்லையே. மேல மாரி மட்டும்தான இருக்காவ” என்றாள் விஜயராணி.

“இருக்கட்டும்” என்று ஸ்டூலில் ஏறினான்.

மிஷின் வீட்டையே அதிரவைத்தது. மரத்தூள் அவன் தலையிலும் புருவத்திலும் விழுந்தது. பாதித் துளையில் மேலே ஏதோ கனமான சாமான் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. டிரங்குப் பெட்டியாக இருக்கும். மிஷினை நிறுத்தினான். சத்தமும் நின்றது. விஜயராணி ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் மறுபடி ஓட்டினான். இந்த முறை பலகை தாண்டி, தகரம் கிறீச்சிட்டு, துளை திறந்தது. சின்ன வட்டமாக மேல்வீட்டு வெளிச்சம் தெரிந்தது.

வயரின் நுனியை உள்ளே தள்ளினான். கொஞ்சம் ஏறி, வளைந்து, கீழேயே திரும்பி வந்தது. நேராக்கி மறுபடி தள்ளினான். எதிலோ முட்டி நின்றது. அவன் அப்படியே கையை உயர்த்தியபடி நின்றான். பிறகு அவன் விரல்களுக்கு இடையில் இருந்த வயர் தானாக நகர்ந்தது. ஒரு சாண் போனது, நின்றது, மறுபடி போனது. தரையில் கிடந்த சுருள் ஒவ்வொரு வளையமாக அவிழ்ந்து எழுந்தது. எங்கும் சிக்கிவிடாமல் பேச்சிராஜா இரண்டு கையாலும் அதைத் தளர்த்தி மேலே கொடுத்துக்கொண்டே இருந்தான்.