விருந்தினர் காணாத சாலை

கீழ்வானம் வெளுத்து, முகடுகளைப் போர்த்தியிருந்த பனிமூட்டம் மெல்ல விலகி, அடர்ந்த காடுகளுக்கு நடுவே ஆறொன்று கண்ணுக்குப் புலப்படத் தொடங்கிய அவ்விளங்காலைப் பொழுதில், மலைச்சரிவிற் படிப்படியாய் அமைந்த அச்சிறு மாநிலத்தின் தலைநகரம், விருந்தினரை எதிர்நோக்கியிருக்கும் வீடு போலப் பரபரப்பும் பொலிவும் கொண்டு விளங்கிற்று. மதில்தோறும் புதுச்சுண்ணம் பளிச்சிட, விளக்குக் கம்பங்களிற் பூசிய வண்ணம் ஈரம் உலராதிருக்க, ஆண்டுக்கணக்காய்ப் பல்லிளித்துக் கிடந்த நடைபாதைகள் ஒரே கிழமையில் ஒழுங்குபெற்றிருக்க, நகரமாந்தர் தம் தெருவைத் தாமே அடையாளம் காணாது திகைத்தனர். கற்றறிந்த அன்பரே, இத்துணை ஒப்பனையும் யார்பொருட்டு என்பீராயின், நாடெங்கும் திரளும் வரியை மாநிலங்களுக்குப் பகுத்தளிக்கும் குழுவினர் அன்று அந்நகருக்கு வருவதாயிருந்தனர்.

மாநிலங்கள் அனைத்திலுமிருந்து ஒன்றிய அரசு திரட்டும் வரி பொதுக்கருவூலம் ஒன்றிற் சேர்கிறது. அதிலிருந்து எம்மாநிலத்திற்கு எத்துணைப் பங்கு என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்குழு வரையறுக்கும். மக்கள்தொகையைப் பார்க்கும், நிலப்பரப்பைப் பார்க்கும், வறுமையைப் பார்க்கும். பார்த்து எழுதிவிட்டால் அடுத்த ஐந்தாண்டுக்கும் அதுவே தலையெழுத்து. ஆகவேதான் மாநிலங்கள் தம் குறைகளையெல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு அக்குழுவின் வருகைக்காகக் காத்திருக்கின்றன.

அம்மாநிலத்தின் நிதிச் செயலாளர் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார். கருவூலத்தை விட்டு ஒரு காசு வெளியேற வேண்டுமாயினும் ஆயிரம் கேள்வி கேட்பவராதலின், அலுவலகத்தார் மறைவில் அவரைப் 'பூட்டம்மா' என்றே அழைத்தனர். அது அவர் செவிக்கு எட்டாமலும் இல்லை, எட்டியதற்காக அவர் வருந்தியதும் இல்லை. மேல்மலை ஊர்களுக்குச் செல்லும் ஒரே சாலை மழைதோறும் சரிந்து, அங்குள்ளோர் மருத்துவமனைக்கு வர வழியின்றித் தவிப்பதை விரித்துரைத்து, கூடுதல் பங்கு வேண்டுமென்று அவர் குழுவுக்கு முன்னரே முறையீடு விடுத்திருந்தார். முந்தைய மழையில் பேறுகாலத்துப் பெண்ணொருத்தி, சரிந்த மண்மேட்டைத் தாண்டி ஊர்தி வர இயலாமையால் உயிர்நீத்தாள். அச்செய்தி வந்த அன்று பூட்டம்மா தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இன்னொரு மழைக்குள் அச்சாலைக்கு வழி பிறக்க வேண்டும் என்பதொன்றே அதன்பின் அவருடைய கவலையாயிற்று.

அச்சாலைக்குப் பொறுப்பான தலைமைப் பொறியாளனோ வேறு யாருமல்லன், அவருடைய உடன்பிறந்த தம்பியே. அக்காளிடம் பணம் பெறுவது கல்லில் நார் உரிப்பதற்கு ஒப்பு என்று கண்டவரிடமெல்லாம் புலம்பித் திரிபவன் அவன். எனினும் அவன்மேல் அவர்க்கும், அவர்மேல் அவனுக்கும் உள்ள பற்றை அவ்வூர் நன்கறியும்.

குழுத் தலைவரோடு மகிழுந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து மேல்மலை நோக்கிப் புறப்பட்ட பூட்டம்மா, சிறிது தொலைவு செல்வதற்குள்ளேயே ஏதோ தவறு நேர்ந்திருப்பதை உணர்ந்தார். ஏறினாற் போதும், எலும்பெல்லாம் தனித்தனியே கழன்றுவிடும் என்று பெயர்பெற்ற அச்சாலை, கரிய தாரால் வழுவழுப்பாய் மெழுகப்பெற்று, இருமருங்கும் வெள்ளைக்கோடு தீட்டப்பெற்று, ஊர்தியைச் சிறிதும் அசையவிடாமல் ஏந்திச் சென்றது. முன்னிருக்கையில் தம்பி நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருந்தான்.

"என்னம்மா, ரோடு நல்லாத்தானே இருக்கு? நீங்க எழுதினதப் படிச்சுப் பயந்துபோய், இடுப்புக்குத் தைலமெல்லாம் எடுத்துட்டு வந்தேன்" என்று தலைவர் நகைத்தார். நகைத்தவாறே மடியிலிருந்த முறையீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வளைவொன்றில் இருந்த ஓய்வு மாளிகையில் தலைவர் தேநீர் அருந்த அமர்ந்த வேளையில், பூட்டம்மா தம்பியைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று அவன்மீது பாய்ந்தார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஏன்க்கா, நல்லதுதானே பண்ணேன்? வர்றவங்க முன்னால நம்ம மானம் போகக் கூடாதுன்னு முதலமைச்சரே கூப்பிட்டுச் சொன்னார். பெரிய மனுஷங்களக் கூட்டிட்டு வந்து குண்டும் குழியுமா காட்டச் சொல்றியா?"

"குண்டும் குழியும் பார்க்கத்தான்டா அவங்க வந்திருக்காங்க! டாக்டர் வர்றார்னு நோயாளிக்குப் பவுடர் பூசி உக்கார வச்சிருக்கியே! சரி, இதுக்குப் பணம் ஏது? நான் தரலையே."

தம்பி அருகிலிருந்த மரத்தை அன்றுதான் புதிதாய்க் காண்பவன் போல நிமிர்ந்து நோக்கினான்.

"மண்ணு சரிஞ்சா அள்ளுறதுக்குன்னு மழைக்காக ஒதுக்கி வச்சிருந்தோமே, அதுலதான்."

"மிச்சம்?"

"துடைச்சாச்சுக்கா."

மழை தொலைவில் இல்லை; அதை எதிர்கொள்ள வைத்திருந்த பொருளோ விருந்தினர் கண்ணுக்கு விருந்தாய்க் கரைந்துவிட்டது. அவனை வாய்க்கு வந்தபடி ஏசத் துடித்த பூட்டம்மா, சட்டென்று நின்றார். அன்று காலை தம் அலுவலகத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழ் வைத்திருந்த வாளிகளையெல்லாம், குழுவினர் கண்ணிற் படாமல் எடுத்து மறைக்குமாறு பணித்தவரும் தாமே அல்லரோ? வீட்டின் இல்லாமையை வந்தவர்க்குக் காட்டலாகாது என்னும் அந்நாணம், முதலமைச்சர் தொடங்கித் தம்வரை அனைவர் குருதியிலும் ஊறிக் கிடப்பதை எண்ணி அவர் கூசினார். உண்மையை உரைத்தால் முதலமைச்சர் முகம் சுளிப்பார், தம்பியின் வேலைக்கும் கேடு வரலாம். உரையாவிடிலோ மேல்மலை மக்கள் இன்னும் ஐந்தாண்டு வானத்தைப் பார்த்து அஞ்சிக் கிடக்க வேண்டும். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைவர்முன் போய் நின்றார்.

"ஐயா, நீங்க வந்த ரோடு உங்களுக்காகப் போட்டது. இந்த வளைவோட அது முடியுது. இதுக்கு மேல ரோடு இருந்த அடையாளம்தான் இருக்கு. வந்து பார்க்கணும்."

"இன்னைக்குப் பார்க்கற இடங்களோட பட்டியல்ல அது இல்லையேம்மா."

"இல்லைங்க. நாங்கதான் வேணும்னே சேர்க்காம விட்டோம்."

தலைவரின் முகத்தில் நகைப்பு மறைந்தது. அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அப்போது தொங்கிய முகத்தோடு பின்னால் நின்ற தம்பி, ஓட்டுநரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, "நானே ஓட்டுறேன்க்கா. எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்றான்.

வளைவைக் கடந்ததும் தார் மறைந்தது. தார் மறைந்த சிறிது நேரத்தில் கல்லும் மறைந்தது. சேறும் பாறையும் கலந்த ஏற்றமொன்றின் அடியில், முன்னே சென்ற பேருந்து நின்றிருக்க, அதிலிருந்தோர் பையும் மூட்டையுமாய் இறங்கி, எவ்வித முணுமுணுப்பும் இன்றி நடக்கலாயினர். தலைவரும் இறங்கி நடந்தார். அருகில் நடந்துவந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி, வந்தவர் யாரென்று அறியாமலே அவருக்குக் கை கொடுத்து ஒரு பாறையைத் தாண்டுவித்தாள்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"கண்டக்டர் சொல்லவே வேண்டாங்க, இந்த இடம் வந்தா கால் தானா எறங்கிடும். இதுவும் டிக்கெட்லயே சேர்த்திதான்."

"மழைக்காலத்துல?"

"அப்போ பஸ்ஸே வராதுங்க. நானும் ஸ்கூலுக்குப் போக முடியாது. பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், பரீட்சை வர்ற வரைக்கும்!" என்று சிரித்தவள், சிரிப்பு அடங்கியபின், "உடம்புக்கு ஒண்ணுன்னாதாங்க பயம்" என்றாள்.

ஏற்றத்தின் உச்சியில் மூச்சிரைக்க ஒரு கல்லின்மேல் அமர்ந்த தலைவர், பேருந்து உறுமிக்கொண்டு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடியவர் அல்லர். ஒருவர்க்கு அளிப்பதை மற்றொருவரிடமிருந்து குறைத்தே அளிக்க வேண்டியவர்.

"உங்களுக்குக் கூட்டினா இன்னொருத்தருக்குக் குறையணும்மா. கடலோரத்துக்காரங்க, வரி கட்டுறது நாங்க, செலவு பண்றது அவங்களான்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பூட்டம்மா கீழே காட்டினூடே ஒழுகிய ஆற்றைச் சுட்டினார்.

"காட்ட வெட்டக் கூடாதுன்னு நாடே சேர்ந்து சட்டம் போட்டுச்சு. சரின்னு நாங்களும் வெட்டல. வெட்டியிருந்தா எங்ககிட்டயும் ஆலை இருக்கும், வரி வந்திருக்கும். காடு நிக்கறதாலதான் இந்த ஆறு வத்தாம கீழ போய் அவங்க ஆலையெல்லாம் ஓட்டுது. அவங்க கட்டுற வரியில எங்க காடும் இருக்குங்க. நாங்க கையேந்தல. பங்கு கேக்கறோம்."

தலைவர் பொறியாளன் பக்கம் திரும்பி, காலையில் வந்த சாலைக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவினார். தம்பி ஒன்றையும் மறையாது, மழைப்பொருளைத் துடைத்தது உட்பட, உள்ளதை உள்ளவாறே உரைத்தான்.

"இதச் சொன்னா உங்க வேலைக்கே ஆபத்தாச்சே தம்பி?"

"ஆபத்துதாங்க. ஆனா எங்க அக்காகிட்ட மாட்டினதுக்கு அப்புறம் வேற எதுக்குப் பயப்படறது?"

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, ரெண்டு ரோட்டையும் எழுதறேன்" என்று சொல்லி எழுந்தார்.

அதன்பின் முதலமைச்சர் பூட்டம்மாவை அழைத்துக் கடிந்துகொண்டார். பல கிழமைகள் முகங்கொடுத்தும் பேசவில்லை. அவரோ அதைப் பொருட்படுத்தாது, அமைச்சர்களுக்கு வாங்கவிருந்த புது ஊர்திகளை நிறுத்தி, விழாக்களைச் சுருக்கி, அப்பொருளைக் கொண்டு மண் அள்ளும் பொறிகளை மழைக்கு முன்பே மேல்மலையில் நிறுத்தி வைத்தார். மழை பெய்தது, விருந்தினர்க்காக மெழுகிய தாரும் கரைந்து பழைய பள்ளங்கள் வெளிப்பட்டன, மண்ணும் சரிந்தது. சரிந்த மண்ணைத் தம்பி அங்கேயே தங்கி அள்ளினான். அம்மழையில் ஓருயிரும் போகவில்லை.

குளிர்காலத்தில் குழுவின் அறிக்கை நாட்டின் பேரவையில் வைக்கப்பெற்றது. மக்கள்தொகை, நிலப்பரப்பு, வறுமை என்னும் அளவைகளோடு, வெட்டாது காக்கப்பெறும் காட்டின் பரப்பும், மலையில் சாலை அமைக்க ஆகும் மிகைச்செலவும் புதிய அளவைகளாய் அதில் இடம்பெற்றிருந்தன. மலைநாட்டின் பங்கு உயர்ந்தது. கேட்ட அளவுக்கு இல்லை, எனினும் கைவிரிக்க வேண்டாத அளவுக்கு உயர்ந்தது. உள்ளதை உள்ளபடி காட்டுவதே தம் ஆட்சியின் கொள்கை என்று முதலமைச்சர் மேடைதோறும் முழங்கினார். பூட்டம்மா முன்வரிசையில் அமர்ந்து, முகத்தில் ஒரு மயிரிழையும் அசையாமல், கைதட்டினார்.

புதிய பங்கின் முதல் தவணை வந்த அன்று, தம்பி சாலைக்கான வரைபடத்தை அக்காளின் மேசைமேல் விரித்து, தலைநகர் வாயிலில் வேலையைத் தொடங்கப் போவதாய்க் கூறினான். அவர் அதைச் சிறிதுநேரம் நோக்கிவிட்டு, மேல்மலையின் இறுதி ஊரின்மேல் விரலை வைத்தார்.

"இங்கிருந்து ஆரம்பி."

"எல்லாரும் ஊர் வாசல்ல இருந்துதானக்கா ஆரம்பிப்பாங்க? கல்லு, தாரு எல்லாம் இங்கிருந்துதானே மேல போகணும்?"

"குலுங்கிக் குலுங்கிப் போகட்டும். நடுவுல பணம் தீர்ந்துபோச்சுன்னா, பள்ளம் நம்ம வாசல்ல மிச்சம் இருக்கட்டும்டா. நம்ம தினமும் பார்ப்போம்ல, சும்மா உக்கார முடியாது."

தம்பி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். அவ்வேனிலில், வழக்கத்துக்கு மாறாய் அம்மாநிலத்தின் சாலை அதன் கடைக்கோடி ஊரிலே பிறந்து, தலைநகரை நோக்கி இறங்கி வரலாயிற்று. பொதுக்கருவூலத்தினின்றும் பிரிந்து வரும் பொருள் பல கை மாறி நெடுவழி நடக்க வேண்டியது. அது முதலில் யார் வாயிலில் போய் நிற்கிறது என்பதைக்கொண்டே பகுத்தளிப்போரின் நேர்மையும், பெற்றுக்கொண்டோரின் நேர்மையும் ஒருங்கே அறியப்படும்.