பல் டாக்டரின் தங்கைக்குப் பசித்தது

பல் டாக்டர் மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. பசித்தது அவருடைய தங்கைக்கு. நான்காம் நாள் காலையில் அவள் அடுப்பங்கரையில் நின்றபடியே இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்று முடித்து, பாத்திரத்தையும் வழித்துவிட்டு, வெட்கத்தோடு கையைக் கழுவினாள். இருபத்தெட்டு வயதில் இதை வளர்கிற பிள்ளையின் பசி என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. வீட்டின் கீழ்த்தளம் கிளினிக். மேலே இரண்டு அறைகளில் அண்ணன், தங்கை, படுத்த படுக்கையாக அம்மா. பல் பிடுங்கும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது தங்கையின் வேலை. "வலிச்சா என் கையை அழுத்துங்க" என்பாள். அந்தப் பொடி வந்த பிறகு யாரும் அழுத்தவில்லை.

பொடியின் கதை பெரிய கதை. எங்கோ உயரமான மலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் பசியும் களைப்பும் தெரியாமலிருக்க ஓர் இலையை மென்றுகொண்டிருந்தார்கள். அது பாட்டுக்குப் பல நூறு வருஷம் போனது. பிறகு இலை கப்பலேறியது. ரசாயனக்காரர் ஒருவர் அதிலிருந்து வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், நாக்கு மரத்தது. கொக்கேயின் என்று பெயர் வைத்தார்கள். கண் டாக்டர்கள் அதைக் கரைத்துக் கண்ணில் விட்டு, நோயாளி ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கீறினார்கள். அதற்கப்புறம் அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. டானிக்கில் கலந்தார்கள், மதுவில் கலந்தார்கள், சிரிக்கும் குழந்தையின் படம் ஒட்டிப் பிள்ளைகளின் பல்வலிக்கு விற்றார்கள். கெடுதல் என்று சொன்ன இரண்டொருவரை வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்றார்கள்.

பொடியில் மாவு கலந்து விற்ற காலம் அது. பல் டாக்டர் நேர்மையானவர், அதுதான் வினையாகப் போயிற்று. புது பாட்டிலைத் திறந்தால் முதலில் தன் ஈறில் தடவிப் பார்ப்பார். ஒரு தம்ளர் தண்ணீர் பிடிப்பதற்குள் உதடு மரத்தால் நல்ல சரக்கு. வேறெந்தப் பல் டாக்டரும் நோயாளிக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை. பிறகு, காலையில் திறந்த பாட்டில் மத்தியானத்துக்குள் வீரியம் இழந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம் ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் சந்தேகம் வந்தது. நோயாளியே வராத ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

ஒருநாள் அவருடைய கட்டைவிரலில் ஊசி ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவர் கவனிக்கக்கூட இல்லை. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைதான் அலறினாள். அவர் தூங்காத தூக்கமெல்லாம் அவள்மேல் விழுந்தது. பட்டப்பகலில், யாரோ ஒருவரின் கையைப் பிடித்தபடி, நின்றுகொண்டே தூங்கினாள். அவரோ பம்பரமாகச் சுற்றினார். மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று ஊரே மெச்சியது.

"அண்ணா, போதும்ணா. நிறுத்திடு" என்றாள் தங்கை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நீதான் வாடிட்டே வர்ற. யாராவது நல்ல டாக்டரா பாரு."

அம்மா இறந்த அன்று அவர் மூன்று பல் பிடுங்கினார். தங்கை இரண்டு பேருடைய அழுகையை அழுதாள். எது தன்னுடையது, எது அண்ணனுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுடையதுதான் பெரிதாக இருந்தது, அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மறுவாரம் அவள் பாட்டிலை மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். அவர் தேடவே இல்லை. நிம்மதியாகப் பேப்பர் படித்தார். இரண்டாம் நாள் மத்தியானம், மாடிப்படிக்கு அடியில் மண்டியிட்டு, பாட்டிலின் தக்கையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது அவள்தான். வாழ்நாளில் ஒரு சிட்டிகை தொட்டதில்லை அவள். அண்ணனின் ஏக்கமும் தன்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று புரிந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டிலைக் கொண்டுபோய் அவளே அவரிடம் கொடுத்தாள். அவர் ஈறில் தடவிக்கொண்டதும் அவளுக்கு ஆசுவாசமாக இருந்தது. அந்த ஆசுவாசத்தை நினைத்து அவள் பல நாள் கூசிப்போனாள்.

அடுத்த வருஷம் ஒரு முற்பகலில், தபால்காரரின் கடைவாய்ப் பல் பாதி வெளியே வந்த நிலையில், தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். எதிர்வீட்டு வைத்தியர் ஓடிவந்து குழாய் வைத்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. குதிரை மாதிரி ஓடுது."

அவர் எதையோ நினைத்துக்கொண்டு அதே குழாயை அண்ணனின் நெஞ்சில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். குழாயை உதறிவிட்டு இன்னொரு தடவை வைத்தார்.

"இவருக்குத்தான் நின்னுபோச்சு."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் பல் டாக்டர். தபால்காரரின் பல்லைப் பிடுங்கி முடித்துவிட்டு, அடுத்த ஆளை வரச்சொன்னார்.

ஒரு வாரம் ஊரில் யாரும் கிளினிக் பக்கம் வரவில்லை. பிறகு செத்தவர் கை நடுங்காது என்ற பேச்சு பரவி, வாசலில் கூட்டம் இரட்டிப்பானது. நான்கு வருஷம் அப்படியே ஓடியது. காலையில் கண் விழித்ததும் தங்கையின் நெஞ்சில் அந்தச் சாவு வந்து உட்காரும். அதைச் சுமந்துகொண்டுதான் பல் தேய்ப்பாள்.

பிறகு பொடியைத் தடை செய்து சட்டம் வந்தது. டானிக் விற்றவர்களே மேடையேறிப் பொடியைத் திட்டினார்கள். கிளினிக்கின் கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு பாட்டில் மிஞ்சியது. அதைக் கொட்ட அவள் கை ஒத்துழைக்கவில்லை. அதனால் கிளினிக்கை மூடி, அலமாரியைப் பூட்டி, சாவியை வைத்தியரிடம் கொடுத்து, நோயாளிகளின் நாற்காலியில் தன்னைத் தோல்வாரால் கட்டச் சொன்னாள். ஒன்பது நாள், அண்ணன் விட வேண்டியதை அவள் விட்டாள். வியர்த்தாள், கடித்தாள், தன் வாயிலிருந்து வரும் என்று நினைத்தே பார்க்காத வசவுகளைக் கொட்டினாள். அண்ணன் பொறுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து புகட்டி, "எந்தப் பல்லு?" என்று விசாரித்தார்.

பத்தாம் நாள் காலை அவர், "பசிக்குது" என்றார்.

வைத்தியர் வந்து வாரை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்ததும் தங்கை ஓடிப்போய்ச் சமைத்துப் போட்டாள். அவர் சாப்பிட்டார், இரண்டு நாள் தூங்கினார், எழுந்து அம்மாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஒவ்வொன்றாக அவளிடமிருந்து கழன்று உரியவரிடம் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருப்பது எது என்று அவளுக்குத் தெரியும்.

"நெஞ்சுல என்னவோ குளிருது. அந்த பாட்டில் இருந்தா கொஞ்சம் கொடேன்" என்றார் அண்ணன்.

அவள் கீழே போய்ப் பாட்டிலை எடுத்தாள். கொடுத்தால் நாளைக்கும் அவர் நடமாடுவார். அம்மாவுக்காக அழுதது மட்டும் திரும்ப மரத்துப்போகும். பாட்டிலைத் துப்பும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் கை இப்போது ஒத்துழைத்தது. மேலே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வலிச்சா அழுத்துண்ணா."

அவர் அழுத்தினார். விரல் எலும்புகள் நொறுங்குவதுபோல அழுத்தினார். பிறகு விட்டார்.

இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில், நெஞ்சு நின்ற தேதியைப் போடுவதா, கண் மூடிய தேதியைப் போடுவதா என்று குமாஸ்தா கேட்டார். இரண்டும் உண்டு என்றாள் தங்கை. அவர் படிவத்தில் இருந்த கட்டத்தின் அகலத்தைப் பார்த்து, எழுத்தைச் சின்னதாக்கி இரண்டையும் எழுதினார். வீட்டுக்கு வந்து அவள் ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ஆள் சாப்பாடு போதுமாக இருந்தது.