இரண்டு இழுப்பு

கயிறு கைக்குள் துடிக்கிறது, ஒரு இழுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் விடு, இரண்டு என்றால் தூக்கு, இது ஒன்றுதான், மச்சான் இன்னும் கீழே போகிறார், இன்று சங்கு எடுக்க அல்ல, வானத்துக்குப் போய்த் திரும்பி எங்கள் கடலில் விழுந்த கலத்துக்கு அடியில் வடம் மாட்ட, கரி அப்பிய அந்த இரும்புக் குடம் அலையில் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது, அதன் குடைத்துணி நீருக்குள் சொறிமீன் போல விரிந்து கிடக்கிறது, கப்பல் ஆட்கள் வந்துசேருமுன் மூழ்கிவிடும் என்றுதான் சங்குகுளிக்கிற எங்களைத் தொப்பி வைத்த அதிகாரிகள் படகில் அள்ளி வந்தார்கள், எங்கள் கரையில் குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான், பெற்ற தகப்பனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள், அக்காளின் தாலியைப் பிடித்திருக்கிற கை அசராது என்பார்கள், குதிக்குமுன் கஸ்பார் மச்சான் சிரித்தார், மாப்ள, வானத்துலருந்து வந்த சங்கு இது, வலம்புரியா இடம்புரியான்னு பாத்துட்டு வாரேன்.

யோவ், கயிற அந்தப் படகு இரும்புல கட்டிட்டுத் தள்ளி நில்லு, படம் எடுக்கணும், தொப்பிக்காரர் சொல்கிறார், ஐயா, நான்தான் புடிக்கணும், அவுக எங்கக்கா மாப்பிள்ளை, உங்கக்கா மாப்பிள்ளைய யாரும் முழுங்கிட மாட்டாங்க, நகருய்யா, நகராமல் நின்றிருக்கலாம், முப்பத்தொரு வருஷமாக நினைப்பில் நகராமல்தான் நிற்கிறேன், அன்று மட்டும் கட்டினேன், நகர்ந்தேன், இரும்புக்கு அக்காள் கிடையாது, குடைத்துணியின் நூல்களுக்குள் சிக்கி மச்சான் எத்தனை தரம் இரண்டு இழுத்தாரோ, மேலே கைதட்டுகிறார்கள், வடம் மாட்டியாகிவிட்டது, கலம் எழும்புகிறது, படத்தில் கலம் விழுந்தது, ஏழு தொப்பிகள் விழுந்தன, கயிறுகூட விழுந்தது, அதன் அந்த முனையில் இருந்தவரும் இல்லை, இந்த முனையில் இருக்கவேண்டியவனும் இல்லை.

மச்சான் இறந்தது எப்படியென்று அவர்கள் எழுதிய ஒரு தாளில் என் பெருவிரலை அழுத்தி வாங்கினார்கள், ஒரு நகலை அக்காளிடம் கொடுத்தார்கள், கலத்தோட விளிம்பு பட்டுக் கயிறு அறுந்துட்டுக்கா என்றேன், நீ புடிச்சும் அறுந்துச்சுன்னா அது ஆண்டவர் சித்தம்ல என்று அமலோற்பவம் அக்காள் எனக்குச் சோறு போட்டாள், அன்றும், அதற்குப் பிறகு எல்லா நாளும், வாசிக்கத் தெரியாட்டாலும் ஊரான் வாயால கேக்க மாட்டேன் என்று தாளைப் பெட்டியில் பூட்டினாள், நான் உப்பளத்தில் சுமந்து முதுகு வளைந்து, ஐம்பத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து அ போட்டேன், ஒரே ஆசைதான், என் கைநாட்டுக்கு மேலே அவர்கள் பொய் எழுதியிருப்பார்கள், அதை என் கண்ணால் பார்த்துக் காறித் துப்ப வேண்டும்.

இன்று பெட்டி திறந்தது, ஏலே, இப்பந்தான் பேப்பரெல்லாம் படிக்கியே, இதை வாசி, தாளின் ஒரு முனையை அவள் விடவில்லை, மறுமுனை என் கையில், எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறேன், கயிற்றை இரும்பில் கட்டிவிட்டு விலகி நின்றது நானே, அவ்வளவுதான், யார் சொல்லி விலகினேன் என்று இல்லை, ஆனால் இருப்பதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை, பொய்யாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன், என்னல முழிக்க, தெரியாத எழுத்தா, ஆமாக்கா என்று சொல்லிவிடலாம், நம்புவாள், என்னை நம்பாத நாளே அவளுக்கு இல்லை, தாள் கைக்குள் துடிக்கிறது, அவள் பக்கமிருந்து ஒரு இழுப்பு, பிறகு இன்னொன்று, நான் விடவில்லை, வாய்விட்டு வாசித்தேன்.