எங்கே என்று கேட்டவள்

திருமானூருக்கு வடக்கே மேலக்கல்லேரியில், கல் தீர்ந்து கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குக் கடல் வந்தது 1996 ஐப்பசியில். காலையும் மாலையும் ஏறி இறங்கியது. ஊரில் கடையில் உப்பு வாங்குவது நின்றுபோயிற்று. அந்தப் பக்கத்துக் கல்லை உடைத்தால் உள்ளே சங்கும் கிளிஞ்சலும் இருப்பதை எல்லோரும் பார்த்தே வளர்ந்தவர்கள். கடல் தன் இடத்தைத் தேடி வந்திருக்கிறது என்பதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. கார்த்திகையில் கப்பல்கள் வந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் இறங்கினார்கள். அக்கரையில் ஒரு நாட்டைப் பிடிக்க வேண்டும் என்றும், முன்பு போன படை போதவில்லை என்றும், வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் படைத்தலைவர் சொன்னார். சேர்ந்தவர் வீட்டுக்குத் தினமும் அரிசி அளந்தார்கள். கல் உடைப்பது நின்றதிலிருந்து வேலை இல்லாமல் கிடந்த ஊர், அரிசியைப் பார்த்ததும் அக்கரை எங்கே என்று கேட்கவில்லை.

கொளஞ்சியம்மாளின் புருஷன் முத்துசாமி முதல் நாளே சேர்ந்தான். இரண்டு வருஷம் ஏற்பாடு நடந்தது. ஏரிக்கரையை அக்கரையாக வைத்துக்கொண்டு, தோணியிலிருந்து குதித்துக் கரையேறப் பழகினார்கள். யானைகளைப் பலகை மேல் நடத்திக் கப்பலில் ஏற்றி இறக்கினார்கள். நெல் அடிக்கும் களத்தில் உமியைக் கொட்டி, அக்கரையின் ஆற்றுமுகத்தையும் கோட்டையையும் வரைந்தார்கள். ஒருநாள் புருஷனுக்குச் சோறு கொண்டுபோன கொளஞ்சியம்மாள், உமியில் வரிசையாகக் கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்து அவை என்ன என்று கேட்டாள். வீடுகள் என்றார் படைத்தலைவர். சொல்லிக்கொண்டே, படை போகும் வழியிலிருந்த கொட்டைகளைப் பிரம்பால் ஒதுக்கித் தள்ளினார். முதல் தோணி திரும்பாது என்றும் அவர் சொன்னார். அக்கரைக்காரர்களின் அம்பெல்லாம் அதன்மேல் விழுந்து தீர்ந்த பிறகு மற்றவை கரையேறும். நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். முதல் தோணிக்குக் காணி நிலம் இல்லாதவர்களைப் பிரித்திருந்தார்கள். அதில் முத்துசாமி இருந்தான். கொளஞ்சியம்மாள் ஒதுக்கப்பட்ட கொட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“மொதத் தோணின்னா மொத மரியாதடி” என்றான் முத்துசாமி, வீட்டுக்கு வந்ததும்.

“ஆமா. கெடா வெட்டுலயும் மொத மாலை ஆட்டுக்குத்தான் போடுறாங்க.”

“அரிசி மட்டும் இனிக்குதுல்ல?”

“நான் கஞ்சித்தண்ணி குடிச்சிக்கிறேன். நீ இருய்யா.”

அவன் சிரித்துவிட்டுப் போனான். கொளஞ்சியம்மாள் மாரியம்மன் கோவிலுக்குப் போய் விளக்கேற்றி, தனக்கு வேறு எதுவும் தெரியாது, வழி காட்டு என்று கேட்டாள். அம்மன் என்ன சொன்னாள் என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை.

1998 கார்த்திகையில் சோதிடர் குறித்த நேரத்தில் சங்கு ஊதினார்கள். பாய் விரிந்தது. முதல் தோணியில் கால் வைக்கப் போனார்கள். அப்போது வேப்பமரத்தடியிலிருந்து கொளஞ்சியம்மாள், “எங்கய்யா கெளம்பிட்டீங்க எல்லாரும்?” என்று சத்தமாகக் கேட்டாள்.

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பதும், கேட்டுவிட்டால் உட்கார்ந்து, கேட்டவர் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பதும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியும் வழக்கத்தில் இருந்திருக்கிறது. படைத்தலைவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு படை முழுவதும் உட்கார்ந்தது. யானைகளையும் படுக்க வைத்தார்கள். கொளஞ்சியம்மாள் அடிபம்பில் குடம் குடமாக அடித்துக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் சொம்பில் ஊற்றினாள். கடைசி ஆள் குடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்து, நல்ல நேரம் போய், காற்றும் திரும்பிவிட்டது. அந்தக் காற்று இனி அடுத்த கார்த்திகையில்தான் வீசும்.

அடுத்த கார்த்திகையிலும் கேட்டாள். அதற்கடுத்ததிலும் கேட்டாள். ஒரு பெண்ணின் வாயைக் கட்டிவிட்டுப் புறப்படுவது அதைவிடக் கெட்ட சகுனம் என்பதால் படைத்தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அரியலூர் தனி மாவட்டமானபோது, படை நிற்கும் விவரத்தைப் புதுக் கலெக்டர் ஆபீசுக்கு ஆள் அனுப்பித் தெரிவித்தார். அடுத்த வருஷம் மாவட்டம் இல்லையென்றானதும் பழையபடி பெரம்பலூருக்கு அனுப்பினார். வருஷா வருஷம் தண்ணீர் வாங்கிக் குடித்த பழைய காலத்து ஆட்கள், தங்கள் அம்மாக்களின் பெயரைக் கொளஞ்சியம்மாளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களில், முதல் தோணியின் துடுப்புக்காரன் இளையபெருமாள், அப்படிக் கேட்டுத் தன்னை நிறுத்த அன்றைக்கு ஆள் இல்லாமல் போயிற்று என்று சொல்லி அழுதான்.

ஊர் அவளைக் கரிநாக்குக்காரி என்றது. அக்கரையில் பொன் இருக்கிறது என்று ஊர் நம்பியிருந்தது. இரண்டாம் கப்பலில் இடம் பிடித்திருந்த செல்லப்பனின் பெண்டாட்டி சிந்தாமணி தெருவில் நின்று ஏசினாள்.

“ஒம் புருசன் சாவான்னா நீ அவன கட்டிப் போட்டுக்க. எங்க வூட்டு ஆளு சம்பாரிக்கிறத ஏன்டி கெடுக்குற?”

“கத்தாத சிந்தாமணி, தொண்ட வறண்டு போவும். இந்தா, ஒரு வாய் குடி.”

சிந்தாமணி சொம்பைத் தட்டிவிட்டாள்.

2006இல் சிக்குன்குனியா வந்தது. கொளஞ்சியம்மாளின் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டன. கார்த்திகையில் சங்கு ஊதிய காலையில் அவள் நினைவில்லாமல் பாயில் கிடந்தாள். முத்துசாமி வாசற்படியில் நின்று, “போயிட்டு வரேன்” என்றான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். உள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. தோணிக்குப் பக்கத்தில் போனவன், திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“என்ன ஒக்காந்துட்ட?” என்றான் இளையபெருமாள்.

“அவ இன்னும் கேக்கல.”

“கேட்டாத்தானய்யா ஒக்காரணும்?”

“கேப்பா.”

இளையபெருமாளும் உட்கார்ந்தான். முதல் தோணிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவரைத் தண்ணீர் குடிக்காமல் எழுப்பக் கூடாது. படைத்தலைவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கை காட்டினார். படையெடுப்பில் முதல் தோணி என்று ஒன்று இருந்தே தீரும். அது நின்றால் அடுத்தது முதலாகும். செல்லப்பன் இருந்த கப்பல் முன்னே போயிற்று. சிந்தாமணி குலவையிட்டு அனுப்பினாள்.

நினைவு திரும்பிய கொளஞ்சியம்மாள் சொம்போடு தவழ்ந்து வந்து, “எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டபோது கடல் பள்ளத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். முத்துசாமி அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

தை மாதத்தில் ஒரே ஒரு முறை கடல் வந்தது. ஒரு கப்பலைக்கூடக் கொண்டுவரவில்லை. கருகிய வீட்டுத் தூண்களையும், ஒரு மீன்கூடையையும், அடியில் சோறு ஒட்டிய பானையையும், குழந்தைக் கை அளவுக்கு ஒரு கிளிஞ்சல் வளையலையும் கரையில் வைத்துவிட்டுப் போயிற்று. ஊரார் சுற்றி நின்று பார்த்தார்கள். பொன்னைப் பற்றி யாரும் பேசவில்லை. கொளஞ்சியம்மாள் ஒவ்வொன்றையும் மண்ணில் புதைத்து, மேலே ஒரு புளியங்கொட்டையை ஊன்றினாள். விரல் மடங்காததால் குழி தோண்ட நேரமாயிற்று. பாதியில் சிந்தாமணி வந்து, களைவெட்டியை வாங்கித் தோண்டினாள்.

“கேக்க நான் இல்லாம போயிட்டேன் சிந்தாமணி” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“அன்னிக்கி எனக்கும் வாய் இருந்துச்சுடி. நான் கேட்டிருக்கலாம்.”

கொளஞ்சியம்மாள் சொம்பை நீட்டினாள். இந்த முறை சிந்தாமணி வாங்கிக் குடித்தாள்.

முதல் தோணிக்காரர்கள் ஊரிலேயே தங்கிக் கரும்பு வெட்டப் போனார்கள். 2007 கார்த்திகையில் அரியலூர் மறுபடி மாவட்டமானது. அதற்குள் புளியங்கன்றுகள் இடுப்பளவு வந்திருந்தன. மேலக்கல்லேரியில் இப்போது, கிளம்புகிறவரைக் கேட்காமல் அனுப்புவதுதான் குற்றம். காலை பஸ்ஸில் ஏறக் கால் வைப்பவர்களிடம், குடத்தோடு நிற்கும் சிந்தாமணி, “எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்பாள். அவர்கள் இறங்கி உட்கார்ந்து, அவள் கையால் ஒரு வாய் குடித்துவிட்டுப் போவார்கள். டிரைவரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வருவார். கடல் போனதிலிருந்து அடிபம்புத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை.