மூன்று மூக்குக் குழு

ஒரு குட்டையைத் தூர்வாரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எருமையும் கொக்கும் நண்டும் கூடினவாம். சேறு குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்றது எருமை. மீன் கிடைக்கிறதே என்றது கொக்கு. விருந்தாளிகள் முன்னால் சொந்த வீட்டைக் குறை சொல்வதா என்று நண்டு வாயை மூடிக்கொண்டது. கூட்டம் இனிதே முடிந்தது. குட்டை அப்படியே கிடந்தது. இந்தக் கதையை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஆம்பூரின் ஓரத்தில் இருக்கும் மண்டித் தெருவுக்கு ஜெனிஃபா இன்னும் எச்சரிக்கையாக வந்திருப்பாள்.

ஜெனிஃபா பாகாயத்துக்காரி. வேலூருக்கு அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. ஊராரிடம் அரசின் மொழியையும், அரசிடம் ஊராரின் மொழியையும், இருவரிடமும் பேராசிரியர்களின் மொழியையும் பெயர்த்துச் சொல்வதுதான் அந்த வேலை. மண்டித் தெருவின் பின்புறம் ஓடும் திறந்த கால்வாயை மூடி, அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு திட்டம் தயாராகியிருந்தது. அதற்காக அவள் நெடுநாள் அலைந்தாள். தெருக்கோடி அங்கன்வாடியில், ஜன்னலை ஒருமுறைகூடத் திறக்காமலே பிள்ளைகள் காற்றைப் பற்றிய பாட்டைப் பாடி முடித்திருந்தார்கள். அந்த ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே அவள் ஆசை.

அறிவு பல்கலைக்கழகத்துடையது, நிதி அரசினுடையது, கால்வாய் தெருவினுடையது. ஆகவே ஒரு நிபந்தனை வந்தது. மூன்று தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் நேரில் வந்து முகர்ந்து, துர்நாற்றம் உண்டு என்று ஒப்பமிட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அந்தக் குழுவுக்கு அலுவலகத்தில் நீண்ட பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதை மூக்குக் குழு என்றார்கள்.

பல்கலைக்கழகத்தின் மூக்கு பேராசிரியர் எலியாஸ். அரசின் மூக்கு பொறியாளர் அருணகிரி. தெருவின் மூக்காக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பில்கிஸ். பிரியாணி வேகும் தேக்சாவின் மூடியைத் திறக்காமலே, உள்ளே உப்புக் குறைவு என்று சொல்லக்கூடியவர்.

கார் தெருமுனையில் நின்றது. ஜெனிஃபா இறங்கி, நம்பிக்கையோடு மூச்சை இழுத்தாள். பன்னீர் மணந்தது.

தெருவின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டதுபோல் கிடந்தது. வாசலுக்கு வாசல் சாம்பிராணி புகைந்தது. லாரித் தண்ணீர் கொண்டுவந்து கால்வாயையே கழுவிவிட்டிருந்தார்கள். பில்கிஸின் மகன் முனீர் திரைச்சீலைகளுக்கு அத்தர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா இது?" என்றாள் ஜெனிஃபா, குரலைத் தாழ்த்தி.

"கவர்மெண்ட்டே வூட்டுக்கு வருது. நாத்தத்துல உக்கார வெக்கச் சொல்றியா?" என்றார் பில்கிஸ்.

"அதைக் காட்டத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன்."

"மொத தடவ வர்றவங்களுக்கா காட்டுவாங்க?"

விருந்தினர் இருவரும் பில்கிஸ் வீட்டு முன்னறை நாற்காலிகளில் அமர்ந்தனர். எலியாஸ் பலமாகத் தும்மினார். "எனக்கு நேத்துலருந்து மூக்கு அடைச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் சொல்றதை நான் வழிமொழியறேன்" என்றார். கடமை தவறாத அருணகிரி கண்ணை மூடி, நான்கு திசையும் திரும்பி முகர்ந்தார்.

"பிரியாணி வாசனைதான் வருது. சீரக சம்பாவா?"

பில்கிஸின் முகம் மலர்ந்தது. அருணகிரி முறைப்படி கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. இங்க துர்நாற்றம் உண்டா?"

ஜன்னல்களில் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"எங்க தெருவுலயா சார்? எவன் சொன்னான்?" என்றார் பில்கிஸ்.

ஜெனிஃபா அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அக்கா, நேத்துகூட போன்ல அழுதீங்களே."

"உங்கிட்ட அழுதேன். சார்கிட்ட எப்டிம்மா? முனீருக்குப் பொண்ணு பார்த்திருக்கோம். பேர்ணாம்பட்டுலருந்து அவங்க வர்ற நேரத்துல, நாத்தம் புடிச்ச தெருன்னு நானே கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்? பேஜாரா இருக்கும்மா."

ஜெனிஃபா திரும்பி வந்தபோது அருணகிரி பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். அங்கன்வாடியின் ஜன்னல் இனி அவ்வளவுதான் என்று தோன்றியது. அப்போதுதான் அவளுக்குப் பின்தெருவின் நினைவு வந்தது.

"சார், பின்தெருச் சாக்கடையை எங்கயாவது திருப்பிவிடணும்னு ஒரு மனு உங்ககிட்ட இருக்கில்ல?"

"ரொம்ப நாளா இருக்கும்மா. எந்தத் தெருவும் ஒத்துக்க மாட்டேங்குது."

"நாத்தமே இல்லாத கால்வாய் ஒண்ணு கெடச்சா?"

ஒரே வீச்சில் இரண்டு கோப்புகளை மூடப்போகிற மனிதரின் ஒளி அருணகிரியின் முகத்தில் பரவியது. "அட, ஆமா. தாராளமா இதுலயே சேர்த்துடலாமே."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பில்கிஸ் வாசற்படியில் வந்து நின்றார்.

"பின்தெருவோடதா? எங்க கால்வாய்லயா?"

"உங்களுக்குத்தான் நாத்தமே இல்லையேம்மா" என்றார் அருணகிரி, உண்மையான அன்போடு.

பில்கிஸ் ஜெனிஃபாவை ஒரு பார்வை பார்த்தார். ஜெனிஃபா மின்விசிறியைப் பார்த்தாள்.

"முனீர், அந்த சாம்பிராணிய அணைடா. சாருங்களுக்குப் பின்னாடி ரூம்ல தட்டு வை. ஜன்னலைத் தொற. காத்தாடச் சாப்புடட்டும்."

பல காலம் திறக்காத அந்த ஜன்னல் முனகிக்கொண்டே திறந்தது. அருணகிரி முதல் கவளத்தை எடுத்தார். அது வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றுவிட்டது. கண்ணில் நீர் கோத்தது. எலியாஸ் மூன்று முறை அடுக்குத் தும்மல் போட்டு, வியப்போடு நிமிர்ந்தார்.

"மூக்கு தொறந்துடுச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "தொறந்திருக்க வேணாம்" என்றார்.

அருணகிரி கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்: "எப்பவுமே இப்படியாம்மா?"

"இன்னிக்குக் கம்மி சார். நீங்க வர்றீங்கன்னு கழுவி விட்டிருக்கோம்."

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மூக்குகளும் முன்னறைக்குத் திரும்பின. சாப்பிட்டுக் கைகழுவிய பின் ஒப்பமிடும் நேரம் வந்தது. பேனாவை வாங்கிக்கொண்ட பில்கிஸ் நிறுத்தினார். "நாத்தம் கால்வாய்க்கு. தெருவுக்கு இல்ல. அத எழுதுங்க சார், போடறேன்."

அருணகிரி எழுதினார்: 'தெரு மணமாக உள்ளது. கால்வாய் அவ்வாறில்லை.' அவருடைய பணிக்காலத்தில் அவர் எழுதிய மிகத் தெளிவான அறிக்கை அதுவாகத்தான் இருக்கும். மூவரும் ஒப்பமிட்டார்கள். ஜெனிஃபா அப்போதுதான் தன் தட்டை எடுத்தாள். பில்கிஸ் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

"பின்தெருவைப் பத்தி வேணும்னே தான கேட்ட?"

"சும்மா ஒரு சந்தேகம்க்கா."

"நல்ல சந்தேகம். சரி, வேலையை எப்ப ஆரம்பிப்பாங்க?"

"மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சிடுவாங்க. தொடக்க விழாவுக்குப் பெரிய ஆபீசருங்க எல்லாரும் வருவாங்க."

பில்கிஸ் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "முனீர், பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கா பாரு."