டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை

"அக்கா, உங்களுக்குத்தான் நல்ல கணீர்க் குரல். 'சுடு'ன்னு நீங்க கத்துங்க," என்றான் ஜெரிக்கோ, வகுப்பில் எங்கள் நாடகக் குழுத் தலைவன். அவனுக்கு வயது பத்தொன்பது, எனக்கு நாற்பத்தாறு. அட்டையில் வெட்டிய துப்பாக்கி ஒன்றை என் கையில் திணித்தான். நான் அதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டேன்.

தேசிய வீரரின் வாழ்வும் எழுத்தும் என்று ஒரு தாள். எஞ்சினியரோ நர்சோ, இதில் தேறாமல் எங்கள் பிலிப்பைன்சில் யாருக்கும் பட்டம் கிடையாது. கடைசியில், அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றதை நாடகமாக நடித்துக் காட்ட வேண்டும், நாற்பது மதிப்பெண். நகராட்சி அலுவலகத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியராகக் குப்பை கொட்டுகிறேன். பட்டம் வந்தால் ஜூனில் வேலை நிரந்தரம். விட்டால் இன்னொரு இடம் எப்போது காலியாகுமோ, கடவுளுக்கே வெளிச்சம். எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு தாள்தான்.

இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். அவருடைய இரண்டு நாவல்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடம் கேட்டு மல்லுக்கு நின்ற பெண்களுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை மிஸ் வில்லாஃபுவர்தே வகுப்பில் வாசித்தே காட்டினார். ஆனால் நான் பனஹாவ் மலையடிவாரத்துக்காரி. எங்கள் கோயிலில் பீடத்தில் இருப்பது அவர் படம். பெயர் சொல்ல மாட்டோம், அய்யா என்போம். வெள்ளை அங்கி போட்டுப் பூசை செய்கிற பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அய்யா சாகவில்லை, வருவார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். டவுன் பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. அதனால் வகுப்பில் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

"சுடறது எனக்கு ஒத்து வராது தம்பி. வேற ஏதாவது குடு."

"சரி, டாக்டராயிடுங்க. சுடறதுக்கு முன்னாடி வந்து நாடி பாக்கணும், அவ்வளவுதான்."

அது சரித்திரத்தில் நடந்ததுதான். ஒரு ராணுவ மருத்துவர் பார்த்தார், நாடி சாதாரணமாக இருந்தது. நிம்மதியாக ஒப்புக்கொண்டேன். மறுநாள் வசனத்தைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, பயல் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தான். சுட்ட பிறகு டாக்டர் மறுபடி வந்து நாடி பிடித்து, "இறந்துவிட்டார்" என்று அறிவிக்க வேண்டும். அதோடு நாடகம் முடிந்தது.

"முடிவு நச்சுனு இருக்கணும்ல அக்கா!" என்றான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கோயில் அங்கிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். சாமியாடுவாள் என்று பயந்தேன்.

"சொல்லித் தொலையேன்டி," என்றாள். "எட்டுப் பேர் நின்னு சுட்டே ஒண்ணும் ஆகல. நீ வாயால சொல்லியா அய்யா சாகப்போறாரு? வேலை கைவிட்டுப் போச்சுன்னா உன் புள்ளைங்களுக்கு நானா சோறு போடுவேன்?"

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஒரே ஒரு வார்த்தைதானே. அந்த வாரம் முழுக்க ஜீப்னி வண்டியில் வேலைக்குப் போகும்போதும் அடுப்படியிலும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். சுலபமாகத்தான் வந்தது.

நாடகத்தன்று லெம்வெல் என்கிற பையன் அய்யாவாக நின்றான். மே மாத வெயிலில் மாமாவின் கல்யாணக் கோட்டு வேறு. நான் வந்து நாடி பார்த்துவிட்டு ஒதுங்கினேன். அவன் முதுகைக் காட்டி நின்றான். அட்டைத் துப்பாக்கிகள் நீண்டன, யாரோ காகிதப் பையை ஊதி வெடித்தார்கள். சடாரென்று திரும்பி, மல்லாக்க விழுந்தான். தத்ரூபமாக விழுந்தான், பாவி. மதிப்பெண் தாளோடும் பேனாவோடும் மிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

வியர்த்து, வெதுவெதுப்பாக இருந்தது. நாடி தடதடவென்று என் விரலை முட்டியது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

"சொல்லுங்கக்கா," என்று கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தான் செத்தவன்.

நிமிர்ந்தேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஜெரிக்கோ தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாயசைத்துக் காட்டினான். ஜூன் மாதம், நகராட்சி நாற்காலி, பிள்ளைகள் எல்லாம் ஞாபகம் வந்தது. வராமலா இருக்கும்?

"துடிக்குது," என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன். துடிக்குது. வேணும்னா வந்து பாருங்க." பிடித்த மணிக்கட்டை நான் விடவில்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது. மிஸ் வில்லாஃபுவர்தே எழுந்து வந்தார். எனக்கு எதிரே குந்தி, பேனாவைத் தரையில் வைத்தார். லெம்வெலின் மற்றக் கையை எடுத்து, இரண்டு விரல்களை வைத்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினார்.